இருபத்து மூன்றால் வகுத்துப் பாருங்கள்

(பெரியநீலாவணையில் மாணவரும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கரும்பலகையில் ஓர் எண் எழுதியிருக்கிறது: 6746328388800. பதின்மூன்று இலக்கம். கடைகளில் சாதாரணமாகக் காணும் கல்குலேட்டரில் பன்னிரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் உண்டு. இந்த எண் அதற்குள் அடங்காது. வாய்விட்டுச் சொன்னால் ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லிப் பார்க்கலாம்.

1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒரு கட்டுரை வந்தது. அதில் ஓர் அட்டவணை. அட்டவணையில் 102 எண்கள். கடைசி எண் இதுதான். எழுதியவர் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்த சீனிவாச இராமானுஜன். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. கணினி இல்லை, கல்குலேட்டர் இல்லை. காகிதமும் பேனாவும், எண்களோடு பழகிப் பழகி வந்த கைப்பழக்கமும்தான் இருந்தன.

அந்த அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது. இன்றைய பேச்சு அந்த விடுபட்ட எண்ணைப் பற்றியது. ஆனால் அதை அடைய வேண்டுமானால் முதலில் பேரீச்சம்பழத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நோன்பு காலத்தில் ஒரு பள்ளிவாசலுக்கு நூறு பேரீச்சம்பழம் வந்தால் அதைச் சமமாகப் பங்கிட எத்தனை வழி உண்டு? ஒருவருக்கு, இருவருக்கு, நால்வருக்கு, ஐவருக்கு, பத்துப் பேருக்கு, இருபது பேருக்கு, இருபத்தைந்து பேருக்கு, ஐம்பது பேருக்கு, நூறு பேருக்கு. ஒன்பது வழி. மூன்று பேர் வந்தால் ஒரு பழம் மிஞ்சும். ஆறு பேர் வந்தால் நாலு மிஞ்சும். அதே இடத்தில் அறுபது பழம் வந்திருந்தால் பன்னிரண்டு வழி இருக்கும். ஒன்று முதல் ஆறு வரை எத்தனை பேர் வந்தாலும் மிச்சமில்லாமல் கொடுக்கலாம். நூறு பெரிது, அறுபது சிறிது. பங்கிடுவதில் அறுபது வசதியானது, நூறு வசதி குறைந்தது. இன்னும் சொன்னால், வெறும் நாற்பத்தெட்டுப் பழத்துக்கே பத்து வழி உண்டு.

நம் காரியங்களில் பத்தும் நூறும் ஆயிரமும் பழகிவிட்டதற்குக் காரணம் நம் கைகளில் பத்து விரல் இருப்பது. விரல்களுக்குக் காரணிகள் தெரியாது. ஆயிரத்துக்கு 16 காரணிகள். அதே 16 காரணிகள் வெறும் 120க்கும் உண்டு. இலட்சத்துக்கு 36, அதே 36 காரணிகளை 1260 தந்துவிடும். ஒரு கோடிக்கு 64 காரணிகள். அதற்குச் சமமாக 64 காரணிகள் கொண்ட சிறிய எண் எது தெரியுமா? 7560. கோடி ரூபாயை மிச்சமில்லாமல் எத்தனை விதமாகப் பங்கிடலாமோ அத்தனை விதமாக ஏழாயிரத்து ஐந்நூற்று அறுபது ரூபாயையும் பங்கிடலாம்.

தனக்குக் கீழே இருக்கும் எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட எண்ணை இந்தப் பேச்சில் 'மிகுகாரணி எண்' என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று அந்த வரிசை போகிறது. தொடக்கத்தில் நெருக்கமாக நிற்கின்றன. போகப் போக இடைவெளி அகன்றுவிடும். மணிக்கு அறுபது நிமிடம், நாளுக்கு இருபத்து நாலு மணி, வட்டத்துக்கு 360 பாகை, முட்டைக்கு டசின். இவையெல்லாம் இந்த வரிசையில் இருப்பது தற்செயல் அல்ல. பங்கிட்டுப் பார்த்த மனிதர்கள் எந்த எண் கைக்கு அடங்கும் என்று கண்டுகொண்டார்கள்.

இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையோரத்தில் அதற்கு உயிருள்ள சான்று ஒன்று இருக்கிறது. இலங்கை முஸ்லிம்களின் சொத்துரிமைக்கு 1931ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. அதற்கு அடிப்படை ஷரீஅத்தின் பங்கு முறை. அதில் வரும் பின்னங்கள் ஆறு: அரை, கால், எட்டிலொன்று, மூன்றிலிரண்டு, மூன்றிலொன்று, ஆறிலொன்று. ஒருவர் மௌத்தாகிறார் என்று வைப்போம். மனைவி, தாய், இரண்டு பெண்மக்கள், கூடப்பிறந்த சகோதரர் ஒருவர் இருக்கிறார்கள். மனைவிக்கு எட்டிலொன்று, தாய்க்கு ஆறிலொன்று, பெண்மக்கள் இருவருக்குமாக மூன்றிலிரண்டு. மீதி சகோதரருக்கு. சொத்தை 24 பங்காக்குகிறார்கள். மனைவிக்கு 3, தாய்க்கு 4, பெண்மக்களுக்கு 16. கூட்டினால் 23. மிஞ்சிய ஒரு பங்கு சகோதரருக்கு. எந்தப் பங்கும் உடையவில்லை. பெண்மக்கள் மூவராக இருந்தால் 16ஐ மூன்றாகப் பிரிக்க முடியாது. அப்போது 24ஐ மூன்றால் பெருக்கி 72 பங்காக்குவார்கள். மனைவிக்கு 9, தாய்க்கு 12, பெண்மக்களுக்குத் தலைக்குப் பதினாறாக 48, சகோதரருக்கு 3. பாடசாலையில் ஏழாம் எட்டாம் ஆண்டுப் பிள்ளை படிக்கும் பொது மடங்குகளுட் சிறியதுதான் இது. அந்தக் கணக்கில் 24 என்ற மிகுகாரணி எண் மௌலவிமார் வாயில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வருகிறது.

தமிழரின் பழைய பின்ன வாய்பாட்டை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. கால், அரைக்கால், மா, காணி, முந்திரி. மா என்றால் இருபதிலொன்று, காணி எண்பதிலொன்று, முந்திரி முந்நூற்றிருபதிலொன்று. 320இல் இரண்டும் ஐந்தும்தான் உண்டு, மூன்று இல்லை. எனவே அதன் காரணிகள் 14 மட்டும். அந்த வரிசையில் எத்தனை முந்திரி சேர்த்தாலும் சரியான மூன்றிலொரு பங்கு வராது. அதைவிட நாற்பது கூடிய 360க்குக் காரணிகள் 24. நம் முன்னோர் நுணுக்கத்தில் குறைந்தவர்கள் அல்லர். பாதியாகவும் ஐந்தாகவும் பிரிக்கும் சந்தைக்கு ஏற்ற வாய்பாட்டை அவர்கள் வகுத்தார்கள். ஆனாலும் எண்ணின் உள்ளே மூன்று என்ற சிறிய முதன்மை எண் இருக்கிறதா இல்லையா என்பதில் இவ்வளவு வேறுபாடு வருகிறது.

பக்கத்து ஊரான மருதமுனையின் தறிகளிலும் இதைக் காணலாம். பாவில் 720 இழை ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால், அதைச் சம அகலக் கோடுகளாகப் பிரிக்க 30 வழி உண்டு. இழையைக் கூட்டி ஆயிரமாக்கினால் வழி கூடும் என்று மனம் சொல்லும். ஆயிரம் இழைக்கு 16 வழிதான். 280 இழை கூடி, வழி ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது.

இனி, காரணிகளை எண்ணுவது எப்படி? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து அல்ல. 12ஐ முதன்மை எண்களாக உடைத்தால் 2 × 2 × 3. (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் முதன்மை எண்ணைப் பகா எண் என்பார்கள், பொருள் ஒன்றே.) அதன் காரணி ஒன்றை ஆக்க வேண்டுமானால், இரண்டை எடுக்காமல் விடலாம், ஒரு முறை எடுக்கலாம், இரு முறை எடுக்கலாம்: மூன்று வழி. மூன்றை எடுக்கலாம் அல்லது விடலாம்: இரண்டு வழி. மூன்றையும் இரண்டையும் பெருக்கினால் ஆறு. 12இன் காரணிகள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. சூத்திரம் இவ்வளவுதான். ஒவ்வொரு சுட்டியோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்.

கரும்பலகையில் இருக்கும் எண்ணை உடைத்தால் இப்படி வருகிறது:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

சுட்டிகளோடு ஒன்றைக் கூட்டினால் 7, 5, 3, 3. அதன் பின் ஐந்து இரண்டுகள். 7 × 5 × 3 × 3 × 32 = 10080. இந்த எண்ணுக்குப் பத்தாயிரத்து எண்பது காரணிகள். 1 முதல் 28 வரையுள்ள எந்த எண்ணாலும் மிச்சமில்லாமல் வகுபடும். 29இல்தான் முதல் தடை. 1 முதல் 28 வரையுள்ள எண்களின் பொது மடங்குகளுட் சிறியது 80313433200. நம் எண் அதன் சரியாக 84 மடங்கு. சதுரம், செவ்வகமாக அடுக்கிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு வேறு விதமாகச் சொல்லலாம்: இத்தனை கூழாங்கற்கள் இருந்தால் அவற்றை 5040 வெவ்வேறு செவ்வகங்களாக அடுக்கலாம். இந்த 5040 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். இன்னும் பல முறை வரும்.

ஒப்புக்காக ஒன்று. இராமானுஜன் பெயர் சொன்னதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் எண் 1729. அவரைப் பார்க்க ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி வந்த வாடகைக் காரின் எண். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதத்தக்க மிகச் சிறிய எண். நல்ல எண்தான். ஆனால் காரணிகள் என்று பார்த்தால் 7 × 13 × 19; மொத்தம் எட்டே எட்டு. அத்தனை காரணிகள் வெறும் 24க்கும் உண்டு. வாடகைக் கார்க் கதை நூறு தரம் சொல்லப்பட்டுவிட்டது. அவர் உண்மையில் பாடுபட்ட இந்தக் கட்டுரை நம் பாடசாலைகளில் ஒரு தரமும் சொல்லப்படுவதில்லை.

1913 ஜனவரி 16ஆம் திகதி இராமானுஜன் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச் 17ஆம் திகதி சென்னையில் கப்பல் ஏறினார். ஏப்ரலில் இலண்டன். ஆகஸ்டில் பிரித்தானியா முதலாம் உலகப் போரில் இறங்கியது. அவர் தங்கியிருந்த டிரினிற்றி கல்லூரியிலேயே காயம்பட்ட படையினருக்கு இடம் ஒதுக்க வேண்டி வந்தது. அந்தக் காலத்தில்தான், தன் சமையலைத் தானே செய்துகொண்டு, இந்த மிகுகாரணி எண்களின் பின்னால் போனார். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிவழிப் பட்டம் கொடுத்தது இந்தக் கட்டுரைக்காகத்தான். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் பரீட்சையில் தேறாமல் வெளியே வந்தவருக்குக் கிடைத்த பட்டம் அது.

அதே 1916இல் நம் பக்கத்து மண்ணான காரைதீவில் பிறந்த இளைஞர் ஒருவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். மயில்வாகனன் என்று பிறந்து சுவாமி விபுலானந்தராகப் போற்றப்பட்டவர் அவர். இராமானுஜனைவிட நாலு வயது இளையவர். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் படித்தவர், விஞ்ஞானம் கற்பித்தவர், பின்னர் தமிழ்ப் பேராசிரியர். 1947இல் வெளிவந்த அவருடைய 'யாழ் நூல்' பண்டைய யாழின் இசையைப் பின்னங்களைக் கொண்டு அளந்து பார்க்கிறது. நரம்பைப் பாதியாக்கினால் ஒரு சுரம், மூன்றிலிரண்டாக்கினால் ஒரு சுரம், நாலில் மூன்றாக்கினால் இன்னொன்று. 2, 3, 4 எல்லாவற்றாலும் வகுபடும் நீளம் வேண்டுமானால் மீண்டும் 12, 24, 60 என்ற அதே எண்களிடம்தான் வர வேண்டும். இருவரும் சந்தித்ததில்லை. ஒருவர் எண்ணுக்காக எண்ணை நேசித்தார். மற்றவர் இசைக்காக எண்ணை நாடினார். கணக்கு நமக்கு வராத பாடம் என்று இந்தக் கரையில் எந்தப் பிள்ளையும் சொல்லத் தேவையில்லை.

இராமானுஜன் என்ன கண்டார்? மிகுகாரணி எண் ஒன்றை உடைத்தால் அதன் சுட்டிகள் இறங்குமுகமாகவே இருக்க வேண்டும். 18ஐப் பாருங்கள்: 2 × 3². ஆறு காரணிகள். சுட்டிகளை இடம் மாற்றினால் 2² × 3 = 12. அதற்கும் ஆறு காரணிகள், ஆனால் எண் சிறிது. ஆகவே 18 இந்த வரிசையில் நிற்க முடியாது. பெரிய முதன்மை எண்ணுக்குப் பெரிய சுட்டி கொடுப்பது வீண் செலவு. அடுத்து, எந்த முதன்மை எண்ணையும் இடையில் தாண்டிப் போகக் கூடாது. மூன்றாவதாக, கடைசி முதன்மை எண்ணின் சுட்டி எப்போதும் ஒன்றாகவே இருக்கும். விதிவிலக்கு இரண்டே எண்கள்: 4, 36. கரும்பலகையில் இருக்கும் எண்ணின் சுட்டிகளை வாசித்துப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. படி இறங்குவதுபோல் இறங்கி ஒன்றில் முடிகிறது.

இந்த எண்களுக்குள்ளும் சில மற்றவற்றைவிட உயர்ந்தவை என்று பிரித்தார். 60, 120, 360, 2520, 5040 என்று வரும் அவற்றைத் தலைமை மிகுகாரணி எண்கள் எனலாம். நெடுஞ்சாலையில் கிலோமீற்றர் கல் நடுவதுபோல் அவை நிற்கின்றன. அவற்றின் வடிவம் சூத்திரத்திலிருந்து நேரே கிடைத்துவிடும். இரண்டு கல்லுக்கு இடையில் இருக்கும் மற்றவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். சுட்டிகளை ஒன்று கூட்டி, இன்னொன்று குறைத்து, பெருக்கி, ஒப்பிட்டு, வென்றவற்றை வைத்து, தோற்றவற்றைத் தள்ளி... அது கனவில் வரும் வேலை அல்ல. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னார் என்ற கதையை இராமானுஜனே நம்பிச் சொன்னவர்தான்; அது அவருடைய பக்தி, அதை மதிப்போம். ஆனால் இந்த 102 எண்களுக்குப் பின்னால் இருப்பது உட்கார்ந்து செய்த கணக்கு. பிள்ளைகளுக்குக் கனவை மட்டும் சொல்லிக் கணக்கைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்யும் அநீதி.

இப்போது விடுபட்ட எண்ணுக்கு வருவோம். அட்டவணையில் 240940299600 என்ற எண் இருக்கிறது. அதற்கு 4800 காரணிகள். அதற்கடுத்து 321253732800, அதற்கு 5376 காரணிகள். இரண்டுக்கும் நடுவில் வர வேண்டிய எண் இது:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

காரணிகள் 7 × 5 × 3 × 3 × 16 = 5040. முன்னதைவிட 240 கூட. எனவே அட்டவணையில் இடம் அதற்கு உரியது. ஆனால் இல்லை. அதையும் சேர்த்தால்தான் 103.

எப்படித் தவறியது என்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. எண்களைப் பார்த்தால் ஓர் ஊகம் பிறக்கிறது. முன்னால் நிற்கும் எண்ணிலும் பின்னால் நிற்கும் எண்ணிலும் 23 இருக்கிறது. இரண்டிலும் ஏழின் சுட்டி ஒன்று. நடுவில் இருப்பதில் மட்டும் 23 இல்லை. அதற்குப் பதிலாக 7² இருக்கிறது. வரிசை 23க்கு ஏறிவிட்ட பிறகு ஒரு படி பின்னால் இறங்கி 19இல் நின்று, மீண்டும் 23க்குப் போகிறது. அதற்குப் பிறகு அட்டவணையில் 23ஆல் வகுபடாத எண் ஒன்றும் இல்லை. 19ஐக் கடைசி முதன்மை எண்ணாகக் கொண்டு இறுதியாக வரவேண்டியது இதுதான். போதாததற்கு, அடுத்து நிற்கும் 321253732800 ஒரு தலைமை மிகுகாரணி எண். உயரமான கோபுரத்தின் காலடியில் நிற்கும் சிறிய விளக்கு கண்ணில் படாமல் போவதுபோல் போயிருக்கலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: பன்னிரண்டு, பதின்மூன்று இலக்க எண்களோடு கையால் போராடிய ஒரு மனிதர் 103இல் 102ஐப் பிடித்தார்.

அதைவிட வியப்பு ஒன்று. விடுபட்ட எண்ணையும் கரும்பலகையில் இருக்கும் கடைசி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2⁶, 3⁴, 5², 7², 11, 13, 17, 19 எல்லாம் அப்படியே இருக்கின்றன. கடைசி எண்ணில் 23 மட்டும் கூடுதல். அதாவது விட்டுப்போன எண்ணின் சரியாக இருபத்து மூன்று மடங்குதான் அட்டவணையின் கடைசி எண். தவறவிட்டதை வேறொரு வரியில் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.

இந்த விடுபட்ட எண்ணுக்கு அதன் அண்ணனுக்கு இல்லாத ஓர் அழகும் உண்டு. காரணிகளின் எண்ணிக்கை 5040. அந்த 5040க்கு எத்தனை காரணிகள்? 60. அறுபதுக்கு? 12. பன்னிரண்டுக்கு? 6. ஆறுக்கு? 4. விடுபட்ட எண்ணிலிருந்து நாலு வரை இறங்கும் படிகள் அத்தனையும் மிகுகாரணி எண்கள். கடைசி எண்ணிலிருந்து இறங்கினால் 10080, பிறகு 72. எழுபத்திரண்டுக்கு 12 காரணிகள்; ஆனால் அறுபதுக்கே பன்னிரண்டு உண்டு என்பதால் 72 இந்த வரிசையில் சேராது. அங்கே சங்கிலி அறுகிறது. காரணிகளின் எண்ணிக்கைக்கு எத்தனை காரணிகள் இருக்கலாம் என்ற கேள்வியை இராமானுஜன் 1915இலேயே எழுப்பியிருந்தார். அதற்கு முழு விடை கிடைத்தது 2012இல், நான்கு கணிதவியலாளர் சேர்ந்து எழுதிய கட்டுரையில். ஏறக்குறைய நூறு ஆண்டு.

5040க்கு வேறு பெருமையும் உண்டு. கிரேக்க அறிஞர் பிளேட்டோ 'சட்டங்கள்' என்ற நூலில் ஒரு நல்ல நகரத்துக்கு 5040 குடும்பம் இருக்க வேண்டும் என்றார். காரணம், ஒன்று முதல் பத்து வரை எல்லாவற்றாலும் அது வகுபடும்; நிலம் பங்கிடவும் வரி பிரிக்கவும் வசதி. பதினொன்றால் வகுபடாது. அதற்கும் இரண்டைக் கழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று வழி சொன்னார். 5038ஐ 11ஆல் வகுத்தால் 458. கணக்குச் சரி.

இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே எண் கணிதத்தின் மிகக் கடினமான கேள்வி ஒன்றின் வாசலில் வந்து நின்றது. ஜெர்மனியரான ரீமன் 1859இல் ஒரு கருதுகோளை வைத்தார். முதன்மை எண்கள் எவ்வளவு ஒழுங்காகப் பரவியிருக்கின்றன என்பது அதில் தங்கியிருக்கிறது. இன்றுவரை அதை யாரும் நிறுவவில்லை, மறுக்கவும் இல்லை. 1984இல் பிரான்சைச் சேர்ந்த கீ ரோபான் ஒன்றைக் காட்டினார். ஓர் எண்ணின் காரணிகளையெல்லாம் கூட்டுங்கள். 12க்குக் கூட்டினால் 28 வரும். மடக்கைகளைக் கொண்டு ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் எல்லை கட்டலாம். 5040க்கு மேற்பட்ட எந்த எண்ணின் காரணிக் கூட்டுத்தொகையும் அந்த எல்லையைத் தொடாவிட்டால் ரீமன் சொன்னது சரி. ஒரே ஓர் எண் தொட்டாலும் பிழை. மிகப் பெரிய கேள்வி ஒன்று, எட்டாம் ஆண்டுப் பிள்ளையும் செய்யக்கூடிய கூட்டலாக வந்து நிற்கிறது. எல்லையை மீறும் கடைசி எண் என்று அறியப்பட்டிருப்பது 5040.

இந்தப் பாதையில் முதல் அடி வைத்தவரும் இராமானுஜன்தான். அது பல காலம் உலகுக்குத் தெரியாது. போர்க்காலத்தில் இலண்டன் கணிதச் சங்கம் பணமுடையில் இருந்தது. காகிதச் செலவைக் குறைக்கக் கட்டுரையின் பின்பகுதி அச்சேறாமல் நின்றது. ரீமன் கருதுகோள் சரி என்று வைத்துக்கொண்டால் காரணிக் கூட்டுத்தொகை எவ்வளவு வரை வளரும் என்று அந்தப் பகுதியில்தான் எழுதியிருந்தார். 1944இல் கணிதவியலாளர்களான லியோனிதாஸ் அலோக்லுவும் போல் ஏர்டோஷும் இதே வகை எண்களை மீண்டும் ஆராய்ந்தபோது அது அச்சில் இல்லை. ரோபான் 1984இல் தன் தேற்றத்தை வெளியிட்டபோதும் இல்லை. கடைசியில் 1997இல், இராமானுஜன் பெயரிலேயே தொடங்கிய கணித இதழின் முதல் தொகுதியில், ஷான் லூயி நிக்கோலாவும் அதே ரோபானும் குறிப்புகளோடு அதைப் பதிப்பித்தார்கள். எழுதியவர் 1920 ஏப்ரல் 26ஆம் திகதி, முப்பத்திரண்டு வயதில் சென்னையில் காலமாகி எழுபத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. சில பக்கக் காகிதச் செலவு உலகுக்கு எண்பது ஆண்டுத் தாமதமானது. பணமில்லை என்று அறிவை அச்சேற்றாமல் வைப்பவர்கள் எந்த நாட்டிலும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரணிகள் என்ற பாடம் வரும்போது 36ஐயும் 48ஐயும் உடைக்கச் சொல்லிவிட்டு மணி அடித்ததும் மூடிவிடாதீர்கள். ஒரு நாளாவது இந்தப் பதின்மூன்று இலக்க எண்ணைப் பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் இரண்டிரண்டாகப் பிரிந்து உடைக்கட்டும். யாருடைய உதவியும் இல்லாமல் அவர்களே 10080ஐ அடைவார்கள்.

மாணவர்களே, வீட்டுக்குப் போனதும் போனைத் தூர வைத்துவிட்டு, கொப்பியில் 6746328388800ஐ எழுதி 23ஆல் வகுத்துப் பாருங்கள். பத்தாவது படியில் மீதி அற்றுப்போகும். பிறகு இரண்டு பூச்சியத்தை இறக்கி எழுதினால் முடிந்தது. உங்கள் கையில் இருக்கும் பன்னிரண்டு இலக்க விடை 1915ஆம் ஆண்டின் அட்டவணையில் இல்லை.